அறுபத்திரண்டு கட்டளைகள்

மணி பதினொன்றாகியும் சாலோமி ஒரு தடவைகூட அப்பாத்துரையின் மேஜைக்கு வரவில்லை.

சாதாரணமாக இந்நேரத்துக்குள் நாலு தடவையாவது வந்திருப்பாள். "சார், மறந்துட்டு. அழிச்ச வரியைத் திரும்ப எடுக்கதுக்கு என்ன அமுக்கணும்?" என்பாள். "கன்ட்ரோல் கே. பிறகு யூ" என்பான். "தேங்ஸ் சார்" என்று போய்விடுவாள். இரண்டு வருஷத்தில் இருவரும் பேசிய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே அப்பாத்துரை மனத்துக்குள் கல்யாணப் பத்திரிகைவரை அடித்து முடித்திருந்தான்.

தச்சநல்லூரில் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி நடத்திய டைப்பிங் சென்டர் அது. ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து வயர் இழுத்து நாலு திரைகள். அதில் டைப் அடிப்பதற்கான எடிட்டரை அப்பாத்துரையே பத்து மாதம் உட்கார்ந்து எழுதி, 'பொருநை' என்று பெயரும் வைத்திருந்தான். மொத்தம் அறுபத்திரண்டு கட்டளைகள். எல்லாமே கன்ட்ரோல் சாவியோடு வேறு ஏதாவது சாவியைச் சேர்த்து அமுக்குவது. அவனைத் தவிர மனிதப் பிறவி யாருக்கும் அத்தனையும் ஞாபகம் இருக்காது. அதைக் குறை என்று சொன்னார்கள். அப்பாத்துரை அப்படி நினைக்கவில்லை. ஞாபகம் இருந்துவிட்டால் சாலோமி எதற்கு வரப்போகிறாள்?

இப்போது அவள் ஸ்ரீகுமாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் கோர்ஸ் முடித்துவிட்டுப் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். வந்த வேகத்தில் அண்ணாச்சியிடம் சொல்லி, மவுஸ் வைத்த புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்க வைத்துவிட்டான்.

"இதைப் பிடிச்சு நகத்து. அங்கன ஒரு தட்டு. அவ்வளவுதான் சாலோமி. எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்."

அவன் கைக்கும் அவள் கைக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தது. அப்பாத்துரை இருந்த இடத்திலிருந்தே அளந்துவிட்டான். பொறாமை என்று சொன்னால் போதாது. காலையில் தின்ற இட்லி வயிற்றுக்குள்ளேயே இரண்டாம் முறை வெந்தது.

நேரே அண்ணாச்சியிடம் போனான்.

"அண்ணாச்சி, பொருநையிலயும் மவுஸ் வைக்கலாம். மேல் வரிசையில சும்மா கிடக்கே, எஃப் ஒண்ணு, எஃப் ரெண்டுன்னு, அதையும் வேலை செய்ய வைக்கலாம்."

"போன வருசம் நான் கேட்டப்போ அதெல்லாம் சோம்பேறிக்கு உள்ளதுன்னு நீருதானவே சொன்னீரு?"

"காலம் மாறிட்டு அண்ணாச்சி."

அண்ணாச்சி யோசித்தார். "சரி, வையும். நாம அடிச்சுக்கிட்டிருக்க பூதலிங்கம் சாரோட ஆராய்ச்சி, ஆயுத பூசைக்கு அடுத்து கடை திறக்குத அன்னைக்கு நாலு மணிக்குப் போயாகணும். அன்னைக்கு எது நல்லா ஓடுதோ, அதுதான் இங்கன இருக்கும். மத்ததை மூட்டை கட்டிருவேன்."

இரண்டே நாளில் மேல் வரிசைச் சாவிகள் தயார். சாலோமி பழைய திரைக்கே திரும்பி வந்தாள். அப்பாத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரத்தில் மேஜைக்கும் வந்துவிட்டாள்.

"சார், எல்லாப் பனையிலயும் என்னமோ தொங்குது."

பூதலிங்கம் பேராசிரியரின் ஆராய்ச்சி ராதாபுரம் வட்டாரத்துப் பனைகளைப் பற்றியது. போய்ப் பார்த்தான். ஒவ்வொரு பனைக்கும் பக்கத்தில் [12~ என்று முளைத்திருந்தது. மேல் வரிசைச் சாவி ஒன்றை அமுக்கினால் ஒரு எழுத்து வருவதில்லை. நாலைந்து எழுத்துகள் சேர்ந்தாற்போல் வரும். முதல் எழுத்தைக் கண்டதுமே பொருநை அவசரப்பட்டு வேலையில் இறங்கிவிட, மிச்சமெல்லாம் பனங்காட்டில் விழுந்திருந்தன.

சாலோமி வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தப் பக்கம் ஸ்ரீகுமாரும் சிரித்தான். இரண்டு சிரிப்பும் ஒன்றுதான் என்று அப்பாத்துரை முடிவு செய்துகொண்டான்.

பொருநைக்குப் பொறுமை கற்றுக்கொடுத்துச் சரிசெய்தான். அதோடு விட்டிருக்கலாம். எஃப் ஐந்தை அமுக்கினால் அந்த எழுத்துகளுக்கு நடுவே பதினைந்து என்ற எண் வருகிறது, ஆகவே எஃப் ஆறுக்குப் பதினாறுதான் வரும் என்று சோதிக்காமலே எழுதிவிட்டான். கீபோர்டைச் செய்தவர்கள் பதினாறை ஏனோ தாண்டிக் குதித்து, பதினேழைக் கொடுத்திருந்தார்கள். அவன் கணக்கில் பதினேழு என்றால் எஃப் ஏழு. எஃப் ஆறு, அழித்த வரியைத் திரும்பக் கொண்டுவருவதற்கு. எஃப் ஏழு, அத்தியாயம் முழுவதையும் அழிப்பதற்கு.

சாலோமி ஒரு வரியை அழித்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க எஃப் ஆறை அமுக்கினாள். பின்னால் பேராசிரியர் நின்றிருந்தார்.

"என் மூணாம் அத்தியாயம் எங்கவே?"

அண்ணாச்சி எழுந்து வந்தார். அடுத்த கால் மணி நேரம் தச்சநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களுக்கும் சேர்த்துக் கேட்டது. அப்பாத்துரை தலைகுனிந்து நின்று திட்டு வாங்கி முடிப்பதற்குள், சாலோமி காலையில் நகல் எடுத்து வைத்த பிளாப்பியிலிருந்து அத்தியாயத்தை மீட்டு, விட்டுப்போன பக்கங்களையும் கோத்து முடித்திருந்தாள். யாரையும் கேட்காமல் எப்படிச் செய்தாள் என்று யோசிக்கும் நிலையில் அப்போது அவன் இல்லை.

"இனி அந்த மேல் வரிசையை ஒருத்தரும் தொடப்பிடாது!" என்று அண்ணாச்சி தன் கையாலேயே சாவிகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

மிஞ்சியது மவுஸ். சாலோமியின் திரை உண்மையில் ஒரு பழைய பி.சி.தான், அதன் பின்னால் ஒரு துளை சும்மா இருந்தது. ஜங்ஷனில் மவுஸ் வாங்கி வந்து மாட்டினான். ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஓடியது பாருங்கள், அப்படி ஓடியது! தட்டினால் திறந்தது, இழுத்தால் வந்தது. ஸ்ரீகுமாரே எட்டிப் பார்த்து, "பரவால்லியே சார்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பாத்துரை அன்று இரண்டு டீ குடித்தான்.

மறுநாள்தான் உறைத்தது. மணி பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று, நாலும் ஆயிற்று. சாலோமி வரவில்லை. கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமே இல்லை. தன் மேஜைக்கு வருகிற வழியை அவன் தன் கையாலேயே அடைத்துவிட்டிருந்தான். மவுஸைப் பிடுங்கிவிடலாம் என்றால் ஸ்ரீகுமார் ஜெயித்துவிடுவான். சாலோமியின் முகமும் வாடித்தான் இருந்தது. பெங்களூர்க்காரனின் கம்ப்யூட்டரை நினைத்து ஏங்குகிறாள் என்று நினைத்தபோது அப்பாத்துரைக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆயுத பூசை வந்தது. கூட்டிப் பெருக்கும் முப்பிடாதி திரை, பிரிண்டர், ஸ்டேப்ளர் ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தாள். அப்பாத்துரையும் சாலோமியும் கிறிஸ்தவர்கள். சுண்டல் வாங்குவதோடு அந்தப் பூசையில் அவர்கள் பங்கு முடிந்துவிடும்.

கடை திறந்த அன்று காலை இரண்டு மவுஸும் நகரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால், அடியில் இருக்கும் உருண்டை தெரியாத அளவுக்குச் சந்தனம். காய்ந்து கல்லாகியிருந்தது.

"தண்ணியில அலசுனா போயிரும்" என்று ஸ்ரீகுமார் தன்னுடையதைக் குழாயடியில் பிடித்தான். அது அன்றோடு சரி. அப்பாத்துரை நிதானமாகக் குண்டூசியால் சுரண்டினான். உள்ளே ஏதோ 'டக்'கென்று ஒடிந்தது.

மவுஸ் இல்லாமல் ஸ்ரீகுமாரின் கம்ப்யூட்டரை அவனாலேயே ஓட்ட முடியவில்லை. ஜங்ஷனில் மவுஸ் விற்கும் கடையோ பூசை விடுமுறை முடிந்து இன்னும் திறக்கவில்லை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வே அப்பாத்துரை, உம்ம பழைய கன்ட்ரோலு இருக்கா?"

"எங்கயும் போகலை அண்ணாச்சி."

சாலோமி உட்கார்ந்தாள். "சார், மறந்துட்டு" என்று அன்று பதினோரு தடவை வந்தாள். அத்தனை தடவை எழுந்து வந்தும் மூன்றரை மணிக்கெல்லாம் மிச்சமிருந்த அறுபது பக்கமும் முடிந்துவிட்டது. பேராசிரியர் வாங்கிக்கொண்டு போனார். புதுக் கம்ப்யூட்டருக்கு அண்ணாச்சி துணி போட்டு மூடினார்.

அப்பாத்துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, பெருக்க வந்த முப்பிடாதியைக் கூப்பிட்டான்.

"முப்பிடாதி, நியாயமாப் பாத்தா உனக்குக் கோயில் கட்டணும். ஆனாலும் அடுத்த வருசம் அடியில எல்லாம் சந்தனத்தை அப்பாத, என்ன?"

முப்பிடாதி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"நல்லா இருக்கே கதை! நான் மேல ஒரு பொட்டுதான் சார் வச்சேன். மிச்சத்தைக் கிண்ணத்தோட கேட்டு வாங்கி, ரெண்டையும் கவுத்திப் போட்டு அப்புனது நம்ம சாலோமிதான். வேதக்காரப் பிள்ளைக்கு ஆயுத பூசையில இம்புட்டு பக்தியான்னு நானே அசந்து போயிட்டேன்!"