நகலாரின் மண்டகப்படி

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர்களிலேயே எதையும் ஒரே இடத்தில் வைக்கத் தெரியாத மனிதர் எங்கள் நகலார்தான். வீட்டுச் சாவிக்குத் தெரு முழுக்க நகல் கொடுத்திருந்தார். அவர் சட்டைப்பையில் மட்டும் இருக்காது. மூக்குக்கண்ணாடி ஒன்று என் வீட்டில், இன்னொன்று சலூனில். தலைவலி மாத்திரையைக்கூட இரண்டு கடைகளில் பிரித்து வாங்குவார். அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டையில் இருந்தது. அதன் நகலும் என் வீட்டில்தான் இருந்தது.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வருவாய்த் துறையில் தேய்ந்து ஓய்ந்தவன். ஒருநாள் காலை நடையில் என்னை மறித்தார்.

"சார், வாய்க்கால் வரைபடமெல்லாம் காணோம்."

ஒரு துறையின் இணையதளத்தை மாற்றியிருந்தார்கள். பழையதில் வாய்க்கால், வடிகால் வரைபடங்கள், மழைக் கணக்கு, தண்ணீர் திறந்த விவரம் எல்லாம் இருந்தன. புதியதில் அதிகாரிகள் பல கோணங்களில் பூங்கொத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காணாமப் போகலை, புதுப்பிச்சிருக்காங்க" என்றேன். அரசு நடைமுறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நகலார் எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்திருந்தார். அது அவருக்கு வியாதி. இப்போது அதை ஊர் ஊராக வைத்து நூறு வருஷம் காப்பாற்ற வேண்டுமாம்.

"ஒரு ஊரு மூழ்கினாலும் இன்னொரு ஊர்ல இருக்கும் சார். ஆனா ஹார்ட் டிஸ்க் சில வருஷத்துல செத்துடும். மாத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு நிலையா பணம் வேணும்."

மனுப் போட்டார். "பொதுத் தரவு சேமிப்பு" என்ற தலைப்பில் சேமிப்பை மட்டும் படித்த யாரோ அதை நெல் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனை தார்ப்பாய் தேவை என்று கேட்டுப் பதில் வந்தது. நகலார் அந்தப் பதிலுக்கும் நகல் எடுத்து வைத்தார்.

பிறகுதான் அவருக்கு மண்டகப்படி தோன்றியது. கோயில் திருவிழாவில் ஒருநாள் செலவை ஒரு தெருவோ ஒரு தொழில்காரர்களோ ஏற்றுக்கொண்டு, பதிலுக்குத் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வார்கள் இல்லையா, அதே ஏற்பாடு. ஆளுக்கொரு டிஸ்க்கை வைத்துக்கொள்ள வேண்டும்; முறை வைத்துப் புது டிஸ்க் வாங்கித் தர வேண்டும். தரவு என்றால் எங்கள் பக்கம் யாரும் காசை எடுக்க மாட்டார்கள். அடுத்த ஊர்க்காரன் கொடுத்துவிட்டான் என்றால் எடுப்பார்கள்.

மயிலாடுதுறை ஆட்டோ ஸ்டாண்டு சேர்ந்தது. குத்தாலம் அரிசி ஆலைக்காரர்கள் சேர்ந்தார்கள். கடற்கரையில் ஒரு விசைப்படகுச் சங்கமும், அதிராம்பட்டினத்தில் இரும்புக் கடை வைத்திருந்த மரைக்காயரும் சேர்ந்தார்கள்.

மரைக்காயர் மட்டும் பரிவட்டத்தை மறுத்தார். "தலையில ஏற்கெனவே தொப்பி இருக்கு. டீ சொல்லுங்க, போதும்."

டிஸ்க்கைக் கையில் கொடுக்கும்போது நகலார் எல்லோரிடமும் ஒரே வசனம் சொன்னார்: "இத சாதாரணப் பெட்டின்னு நெனைக்காதீங்க. சாமி மாதிரி பாத்துக்கணும்."

அந்த வருஷ மழையில் குத்தாலத்துக்குப் பக்கத்திலிருந்து, அரிசி ஆலையில் கேள்விப்பட்டு, நகலாரைத் தேடிச் செல்வி என்றொரு பெண் வந்தாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் அப்பா அடுத்தவர் வயலில் உழைத்தவர். இவள் சம்பளத்தில் அதே பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தாள். மனை போடுகிற ஒருவர் வடிகாலைத் தூர்த்துவிட்டதால் அவளுடைய சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. அலுவலகத்தில் கேட்டால், அங்கே வடிகாலே கிடையாதாம், இணையதளத்தில் இல்லையாம். மறுநாள் விசாரணை.

"வடிகாலே இல்லேன்னா எங்கப்பா இத்தன வருஷம் எதத் தூர் வாரினாரு சார்?" என்றாள்.

"கவலைப்படாதம்மா. நம்மகிட்ட ஊர் ஊரா இருக்கு" என்றார் நகலார். அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் போன இடியில் கருகியிருந்தது. அதில் அவருக்குப் பெருமைதான். "இதுக்குத்தான் சார் சொன்னேன்" என்று என்னைப் பார்த்தார்.

மூவரும் காரில் கிளம்பினோம். ஆட்டோ ஸ்டாண்டில் டிஸ்க்கைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம். கேபிள் சொருகும் துளையையும் சந்தனத்தால் வழுவழுப்பாக அடைத்திருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அரிசி ஆலையில் தீர்த்தம் தெளித்திருந்தார்கள். தெளித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது, உள்ளே சலசலத்தது. படகுச் சங்கத்தில் டிஸ்க்கின் மேலேயே கற்பூரம் ஏற்றியிருந்தார்கள்.

"என்னப்பா இது?" என்றார் நகலார்.

"சாமி மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் சங்கத் தலைவர், நிஜமாகவே மனம் புண்பட்டு.

வெள்ளம், தீ, இடி எல்லாவற்றையும் யோசித்த மனிதர், ஆயுத பூஜை எல்லா ஊரிலும் ஒரே நாளில் வரும் என்பதை யோசிக்கவில்லை. காரில் இதை நான் எடுத்துச் சொன்னேன். கைவசம் மாற்று இல்லாத நகலாரை அன்றுதான் பார்த்தேன். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதிராம்பட்டினத்தில் மரைக்காயர் இரும்புப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பை கசங்காமல் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலையா பாய்?" என்று கேட்டார் நகலார்.

"சாமி மாதிரின்னீங்க. நமக்கு அது பழக்கமில்ல. அதான் அமானிதம் மாதிரி வெச்சிட்டேன்." நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் விசாரணையில் அதிகாரி வரைபடத்தை விரலால் தள்ளினார். "இது சான்றிட்ட நகலா?"

"இல்லீங்க. ஆனா இதுல வரைபட எண் இருக்கு" என்றேன். "மூலத்தக் காட்டுங்க. இல்லேன்னா தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அப்படிக் கையெழுத்துப் போட்ட அதிகாரியை என் சர்வீஸில் கண்டதில்லை. டீ ஆறுவதற்குள் மூலம் கிடைத்துவிட்டது. அந்த வாரமே பொக்லைன் வந்தது, தண்ணீர் வடிந்தது, செல்வியின் பயிர் நிமிர்ந்தது.

அதன் பிறகு நகலார் வசனத்தை மாற்றிக்கொண்டார். "சாமி வேண்டாம், அமானிதம்" என்று ஊர் ஊராகச் சொல்லிப் புது டிஸ்க் கொடுத்தார். நான் கேட்காமலே என் வீட்டிலும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். போன மாசியில் ஆளே போய்விட்டார். மண்டகப்படி நிற்கவில்லை; இந்த வருஷ முறை யாருடையது என்ற சண்டையில் ஆட்டோ ஸ்டாண்டும் அரிசி ஆலையும் இன்னும் பேசாமல் இருக்கின்றன.

ஆயுத பூஜையன்று என் மனைவி மிக்ஸி, ஃபிரிட்ஜ், என் பென்ஷன் புத்தகம் எதையும் விடாமல் பொட்டு வைப்பாள். நான் மட்டும் பூஜை முடிகிறவரை அந்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி உட்கார்ந்திருப்பேன்.