நோய்க்கு வயது பன்னிரண்டு

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் சிலர். இரண்டுமில்லை. பதினெட்டாவது பிறந்தநாள்தான். முதல் நாள் இரவு குழந்தையாகப் படுத்தேன். காலையில் பெரியவளாக எழுந்தேன். இதயம், நுரையீரல், மூளை எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் பதவி உயர்வு. உறுப்புகளுக்கு இந்தத் தகவலை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனைதான் சொல்லியிருக்க வேண்டும். அது எதையும் முறைப்படி செய்யும்.

நான் பகலில் துணிக்கடையில் பில் போடுகிறவள். மாலையில் கணக்கியல் வகுப்பு. எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எழுதிய பிறகும் சந்தேகம் போகாது. ஆகவே கீழே ஏதாவது தவறாகத் தோன்றினால், நான்தான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று கொள்க.

எனக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா தந்த மாத்திரையில் பத்து வயதோடு நின்றது. மாத்திரை மட்டும் நிற்கவில்லை. அது நின்றால் வலிப்பு திரும்பி வரும். என் மருத்துவ வரலாறு இவ்வளவுதான். அம்மா இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பாள்.

பிறந்தநாளுக்கு மறுநாள், பதினெட்டு ஆனவர்களைப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும் ‘பருவமாற்றப் பராமரிப்புத் திட்ட’த்தின்கீழ், குழந்தைகள் பிரிவில் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. நடத்தியவர் திட்ட ஒருங்கிணைப்பாளர். ‘நான் உங்கள் பாலம்’ என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தியிருந்ததால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் பாலம். முயல் படம் வரைந்த சுவரருகே, முட்டி வந்து தாடையில் இடிக்கும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். தலையில் தங்கநிறக் காகிதக் கிரீடம் சூட்டி, ‘உன் உடல், உன் பொறுப்பு’ என்று அச்சடித்த சான்றிதழ் தந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் தட்டவில்லை. என் பக்கம் குனிந்து, "மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுடாதம்மா" என்றார்.

விடாமல் இருக்க மருந்துச் சீட்டு வேண்டுமே என்றாள் அம்மா. டாக்டரம்மா கணினியில் என் பெயரைத் தட்டினார். அது என் பிறந்த தேதியைப் பார்த்ததும் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திக்கொண்டது. அவர் கையாலேயே எழுதித் தந்தார். கணினிச் சீட்டுதான் செல்லும் என்று மருந்துக்கடையில் திருப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்த மாத்திரை ஒரு மாதத்துக்குக் காணும். அதற்குள் பெரியவர்கள் பிரிவு என்னை இரு கரம் நீட்டி ஏற்றுக்கொள்ளும் என்று பாலம் உறுதி சொன்னார்.

பெரியவர்கள் பிரிவில் முயல் கிடையாது. பெரியவர்கள் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

"எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?"

"ஆறு வயசுல சார்."

"கடைசியா எப்ப வந்துது?"

"பத்து வயசுல."

"பதினெட்டு ஆனப்புறம்?"

"வரல சார். மாத்திரை போடுறேன்ல, அதனால."

"அப்ப, பெரியவங்க ஆனப்புறம் உங்களுக்கு வலிப்பே வரல."

"மாத்திரை நின்னா வரும் சார்."

"வரட்டும். வந்தாதான் அது பெரியவங்க வலிப்பு. இப்ப உங்ககிட்ட இருக்கிறது குழந்தையில வந்தது. அதுல நான் கை வச்சா அந்தப் பிரிவு வேலையில தலையிட்ட மாதிரி ஆயிடும்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டாக்டர் என்னை ‘நீங்க’ என்றார். அந்தக் கிறக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சீட்டு எங்கே என்று அம்மா கேட்டாள். சீட்டு தரவில்லை, ஆனால் ரொம்ப மரியாதையாகப் பேசினார் என்றேன்.

"மரியாதையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சா வலிப்பு நிக்குமாடி?" என்றாள் அம்மா. அவளுக்கு நிர்வாகம் புரியாது.

எனக்காக ஒரு குழு கூடியது. சின்ன ஆளுக்காக இத்தனை பெரிய மனிதர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நீண்ட ‘கலந்தாய்வு’க்குப் பிறகு முடிவைப் பாலம் வாசித்தார். நோயாளிக்கு வயது பதினெட்டு; நோய்க்கு வயது பன்னிரண்டு. எனவே நோயாளி பெரியவர்கள் பிரிவைச் சேர்ந்தவர். நோய், தனக்குப் பதினெட்டு நிறையும் வரை, குழந்தைகள் பிரிவிலேயே சிகிச்சை பெறும். நோய் மைனர் என்பதால் அதைப் பெற்றோர் அழைத்துவர வேண்டும். நோயாளி உடன் வர அனுமதி இல்லை.

கழித்தலை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். பிழையில்லை.

நோயை மட்டும் எப்படித் தனியாகக் கூட்டிக்கொண்டு வருவது என்று அம்மா கேட்டாள். அந்த ‘வழிமுறை’ அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும், தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றார் பாலம்.

"பாலம்னா ரெண்டு கரையையும் தொடணும் தம்பி" என்றாள் அம்மா. "நீங்க நட்டாத்துல நிக்கிறீங்க."

அவர் கோபப்படவில்லை. ‘பயனாளியின் கருத்து’ என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டம் தள்ளிப்போனது. அம்மா மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கினாள். சில நாள் கழித்துப் பாதியையும் பாதியாக்கினாள். தெரிந்த நர்ஸ், தெரியாத நர்ஸ், பக்கத்து ஊர் மருந்துக்கடை என்று ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கினாள். பிறகு கத்தி வைத்த இடத்தில் பொடிதான் மிஞ்சியது. அதையும் விரலால் ஒற்றி என் நாக்கில் தடவினாள். ஆக, டாக்டரம்மா சொன்னபடி ஒரு வேளையும் விடவில்லை.

தேர்வு நாளன்று வகுப்புக்கு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது தாடையில் தையல் இருந்தது, முன்பற்கள் இரண்டு இல்லை, தேர்வும் முடிந்துபோயிருந்தது.

ஆனால் படுத்திருந்தது பெரியவர்கள் பிரிவில்.

பெரிய டாக்டர் வந்தார். முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மகிழ்ந்தே போனார். பெரியவர்களுக்கு வரும் வலிப்பு, புதிய நோயாளி என்று கணினியில் பதிந்தார். அது மறுபேச்சில்லாமல் திறந்துகொண்டது. சீட்டில் அதே மாத்திரை, அதே அளவு. திட்டத்தின் முதல் வெற்றி என்று ஆண்டறிக்கையில் போட, பாலம் என்னைப் படம் எடுக்க வந்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்.

அன்று மாலை நடைகூடத்தில் ஓர் அம்மாள் என் அம்மாவிடம் வந்து நின்றார். அவர் மகனுக்கும் இதே வியாதி, சின்ன வயதிலிருந்து. பதினெட்டு முடிந்துவிட்டது. பெரிய டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மாத்திரை இந்த வாரத்தோடு சரி.

"உங்க பொண்ணை மட்டும் எப்படிங்க சேத்துக்கிட்டாங்க? என்ன செய்யணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

அம்மா என் தாடையைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"மாடிப்படி மட்டும் வேண்டாங்க. சமதரையாப் பாத்து விழச் சொல்லுங்க."