மூக்கு வளையம் போட்ட கார்

கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், அரம் காக்காவைப் போல இரும்புக்குச் செல்லம் கொடுத்த ஆளும் கிடையாது, மனிதரைக் காக்க வைத்த ஆளும் கிடையாது. அவரிடம் சைக்கிள் பெடலைத் திருத்தக் கொடுத்த புது மாப்பிள்ளை ஒருவன் அதைத் திரும்ப வாங்கும்போது மூன்று பிள்ளைகளுக்கு வாப்பா. பெடல் மட்டும் கண்ணாடி போல இருந்ததாம். அதில் முகம் பார்த்துத்தான் தன் முதல் நரையைக் கண்டுபிடித்தானாம்.

உம்மா வாப்பா வைத்த பெயரை மறந்து, அண்ணன் முறையில் ‘அரம் காக்கா’ ஆக்கிவிட்டது தெரு. எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு சின்ன அரம் இருக்கும். கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் ஐந்து பேர் சோற்றில் கை வைப்பார்கள். இவர் சஹன் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருப்பார். அதற்குள் இறைச்சி முடிந்துவிடும்.

லண்டனில் இருந்த அவருடைய மச்சான் ஒருமுறை மரப்பெட்டியில் அடைத்து ஒரு காரை அனுப்பினார். அதாவது காரை அல்ல, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய கார். படகு செய்கிற அதே பைபரில் ஒரு கூடு, இரும்புக் குழாய்ச் சட்டகம், படம் போட்ட புத்தகம், அவ்வளவுதான். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகத் தாழ்ந்த வயிறு. என்ஜின் ஒரு கிழட்டு மொறிஸ் மைனர் காரிலிருந்து வந்தது. கதவுப் பிணைச்சல், கைபிடி, பெற்றோல் மூடி எதுவும் பெட்டியில் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கடையில் வாங்கியிருப்பார்கள். இவர் உருக்கை வெட்டி, அரத்தால் ராவி, கரடு எமரித்தாள், பிறகு மெல்லிய எமரித்தாள், கடைசியில் எண்ணெய் தொட்ட பழைய பெனியன் என்று ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் தேய்த்தார். பார்க்கப் போகிறவர்களுக்கு சலாம் கிடைப்பதற்கு முன்னால் அதட்டல் கிடைக்கும்.

“கையத் துடைச்சிப்போட்டுத் தொடு!”

கடல் வந்த காலையில் அவர் மெல்லிய எமரித்தாள் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீடு இல்லை, கார் இல்லை, எட்டு வயது மகள் றிஸ்னா இல்லை. மனைவி ஆமினா ராத்தாவை ஒரு வேப்ப மரத்தடியில் கண்டெடுத்தார்கள். நசுங்கிய காலுக்குள் கம்பி வைத்தார்கள். அந்த முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

சில நாளில் தெற்கே தம்பிலுவில்லிலிருந்து செய்தி வந்தது. அங்கே கரையொதுங்கிய ஒரு பிள்ளையை மீனவர்கள் தங்கள் ஆட்களோடு சேர்த்து அடக்கம் செய்திருந்தார்கள். கையில் கிடந்த வளையலைக் கழற்றி அனுப்பியிருந்தார்கள். கார்க் குழாயின் மிச்சத்தில் காக்கா ராவிக் கொடுத்த வளையல் அது. அப்படி ஒன்று உலகத்தில் வேறு யாரிடமும் இருக்க முடியாது.

ராத்தா கேட்டது மகளை அடக்கிய இடம் ஒன்றைத்தான்.

“புள்ளட கபுறடிக்கி என்ன ஒருக்காக் கூட்டிப் போங்க.”

“மிஞ்சின இரும்ப வச்சிக் காரத் திரும்பச் செஞ்சி முடிச்சிர்ரன். ஆட்டோவுல ஒனக்குக் கால் நீட்ட ஏலா. இதுல மூக்கு நீளம், சொகமா நீட்டிக்கி இரிக்கலாம்” என்றார் காக்கா.

இந்த இடத்தில் என் கைங்கரியத்தையும் சொல்ல வேண்டும். அப்போது நான் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். இழந்தவற்றை எழுதும் படிவத்தில் வீடு, படகு, தறி, சைக்கிள் என்று கட்டங்கள் இருந்தன. பூட்டி முடியாத காருக்குக் கட்டம் இல்லை. பின்னால் நூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன காக்கா, பைபரா?”

“ஓம், பைபர்தான்.”

‘படகு’ என்று எழுதிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். கடலில் கால் நனைக்கப் பயந்த அந்த மனிதருக்கு இரண்டு மாதத்தில் இலக்கம் எழுதிய புத்தம் புதிய மீன்பிடிப் படகு வந்து இறங்கியது. அன்று பின்னேரமே காருக்குக் கூடு செய்ய அதை ரம்ப வாளால் அறுத்துவிட்டார்.

படகு கொடுத்தவர்கள் கேமராவோடு வந்தார்கள். நான்தான் மொழிபெயர்ப்பு. படகு எங்கே என்று வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். காக்கா காரைக் காட்டினார். மீன் படுகிறதா என்று கேட்டாள்.

“இன்னும் வலை போடல்ல எண்டு சொல்லு” என்றார். அவள் அதையும் பவ்வியமாக எழுதிக்கொண்டாள்.

படகின் இலக்கம் அழியாமல் காரின் நெற்றியில் அப்படியே நின்றது. மூக்கின் நுனியில் உருக்கில் தடித்த வளையம் ஒன்றும் ஏறியது. அதை மட்டும் ஆறு மாதம் மினுக்கினார். எதற்கு இது என்று கேட்டால், “நிண்டா இழுக்கிறதுக்கு” என்பார். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கியாச்சா என்று தெரு கேலி செய்தது.

யுத்தம் முற்றிய நாட்களில், காரின் புகைபோக்கிக் குழாயைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டு வந்தவரைச் சோதனைச் சாவடியில் மடக்கினார்கள். துவக்குக் குழல் என்று நினைத்து ஒரு சிப்பாய் அதைக் கையில் எடுக்க, முழங்காலில் இருந்த காக்கா கத்தினார்.

“கையத் துடைச்சிப்போட்டுத் தொடுங்க சேர்!”

இரண்டு நாள் வைத்திருந்து அடித்து அனுப்பினார்கள். உதடு வெடித்து வந்தவர் அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயெல்லாம் விரலடையாளம் என்றுதான் அழுதார். நாங்கள் சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு என் மீதே வெறுப்பாக இருக்கிறது.

நான்கு வருடம் போனது. ஒரு தாய் மகளின் கபுறைப் பார்க்கக் காத்துக் கிடக்கிறாள். இந்த மனிதர் கதவுப் பிணைச்சலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய்க் கத்தினேன்.

“ராத்தா, அந்தாளுக்குப் பைத்தியம். நான் நாளைக்கே வேன் கொண்டு வாறன். சீற்றக் கழட்டிப்போட்டுப் படுத்துக்கிட்டே போகலாம்.”

“வேன்ல நான் போயிருவன் தம்பி, அவர் வரமாட்டார்” என்றார் ராத்தா. “அந்தப் புள்ளட கபுறப் பாக்க அவருக்குப் பயம். எமரித்தாளுக்கு ஏன் போனன், ஏன் போனன் எண்டு நித்திரையிலயும் பொலம்பறார். தேய்க்க ஒண்டுமில்லாமப் போனாத்தான் அவருக்குப் போகாம இருக்கச் சாட்டும் இல்லாமப் போகும். தேய்க்கட்டும்.”

வேன் பேசும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

யுத்தம் முடிந்தது. தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு காலை காக்கா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அரம் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

“தேய்க்க இனி ஒண்டும் இல்ல. வாறியா?”

அவர்கள் இருவரும் காரில், நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். வழியில் மிஞ்சியிருந்த ஒரே சாவடியில் படகு இலக்கத்தைப் பார்த்த பொலிஸ்காரர், சிரிப்பை அடக்க முடியாமல் கையைக் காட்டி விட்டுவிட்டார்.

தம்பிலுவில் கடற்கரையில் பாதை முடிகிற இடத்தில் மணல்மேடு. கபுறு அதற்கு அந்தப் பக்கம். காக்கா காரை ஏற்றினார். பாதியில் வயிறு மணலில் பதிந்து நின்றுவிட்டது. ராத்தாவால் மணலில் ஓர் அடி வைக்க முடியாது. காக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து போயிருந்தார். மேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் திரும்பிப் போக அவருக்கு இதைவிட நல்ல சாட்டுக் கிடைத்திராது.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து சூழ்ந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஊர்களும் அவர்களுடைய தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று கண்டு பயந்து கிடந்த வருடங்கள் அவை. ஒரு வயதான மீனவர் குனிந்து உள்ளே பார்த்தார். நீட்டிய காலைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய சின்ன வளையலைப் பார்த்தார்.

“நான்தான் கழட்டி அனுப்பினனான்” என்றார். பிறகு நெற்றியிலிருந்த இலக்கத்தையும் மூக்கு வளையத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிக் குரல் கொடுத்தார். “தம்பிமார், இது படகுதாண்டா. கயிறக் கொண்டாங்க!”

ஒருவன் மணலும் மீன் செதிலும் ஒட்டிய கையோடு வளையத்தைப் பிடித்தான். நான் அதட்டலுக்குக் காத்திருந்தேன். காக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

“இழுங்க மகன்” என்றார்.

படகு இழுக்கிற பாட்டோடு இருபது பேர் இழுத்தார்கள். கார் மேட்டில் ஏறி நின்றது. கீழே சவுக்கு மரங்களுக்கு நடுவே, மற்றக் கபுறுகளின் ஓரத்தில், கல் அடுக்கிய சின்ன மேடு. இருக்கையில் இருந்தபடியே ராத்தா பிரார்த்தனைக்குக் கையேந்தினார். காக்கா இறங்கினார், இரண்டடி வைத்தார், அங்கேயே மணலில் உட்கார்ந்து பிள்ளையைப் போலக் கேவி அழுதார். அந்த மீனவர் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

கயிறு வளையத்தில் ஆழமாக ஒரு கீறலைப் போட்டிருந்தது. தூசி விழுந்தாலே துடித்த மனிதர் அந்தக் கீறலைச் சாகும்வரை தேய்க்கவில்லை. கார் துருவேறி உக்கிப்போனது. அவர் மவுத்தானதும் ராத்தா வளையத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். என் மேசையில்தான் இருக்கிறது. இப்போதும் அதைத் தொடுவதற்கு முன்னால் நான் கையைத் துடைத்துக்கொள்கிறேன், காக்கா.