ஒரு மணி நேர மனைவி

"கூட யார் வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பேதி மருந்து குடித்துக் குடித்துக் குடல் கழுவிய கண்ணாடிபோல ஆகியிருந்தது. மலத்தில் ரத்தம் பார்த்து நாலு மாதம். குடல் பரிசோதனையை இரண்டு தடவை பயந்து தள்ளிப் போட்டாயிற்று. இன்றைக்கும் திருப்பி அனுப்பினால், இன்னொரு தரம் வர அவருக்குத் தைரியம் கிடையாது.

"ஃபார்ம்ல மனைவின்னு எழுதியிருக்கீங்களே?"

எழுதியது கை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும் கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

"வந்துட்டே இருக்காங்க சிஸ்டர்."

"மயக்க மருந்து குடுக்கணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லாம உள்ள கேமரா விட மாட்டோம். பத்து நிமிஷம்தான் டைம்."

வாசலுக்கு ஓடி, தன்னை இறக்கிவிட்ட டாக்சிக்காரனையே இழுத்து வந்தார்.

"என் மச்சான் சிஸ்டர்."

"பேஷண்ட் பேர் சொல்லுங்க மச்சான்."

மச்சான் மெக்கானிக்கைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். "வண்டி நடுரோட்டுல நிக்குது!" என்று பறந்தான்.

"மனைவின்னீங்க, மச்சான் வந்தார். அடுத்து மாமியாரா?"

பதில் சொல்ல வயிறு விடவில்லை. கழிவறைக்கு ஓடினார். திரும்பும்போதுதான் ஜன்னலோரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கண்ணில் பட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. ஒரு மணி நேரம் எனக்கு மனைவியா இருக்க முடியுமா?"

கேட்ட பிறகுதான் கேட்டதன் லட்சணம் புரிந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்னு சொல்லட்டும்?"

"இ... இருபத்திமூணு."

"அத்தனை வருஷம் எப்படித்தான் பொறுத்துக்கிட்டேனோ!"

எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் ஏனோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க. இங்கேதான் இருப்பேன்" என்றார்.

ஊசி ஏறும்வரை அந்த ஒரு வார்த்தையையே மெக்கானிக் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆறு வருஷத்தில் அவர் எங்கே போனார், எப்போது வந்தார் என்று கேட்க நாதியில்லை. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் அவருக்காகக் காத்திருக்கிறார். பொய்க்குத்தான். இருந்தாலும் காத்திருக்கிறாரே!

கண் விழித்தபோது டாக்டர் நின்றிருந்தார். "ரெண்டு சின்னச் சதை வளர்ச்சி இருந்துச்சு. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். விட்டிருந்தா பின்னாடி புற்றுநோயா மாறியிருக்கலாம். நல்லவேளை, வந்தீங்க."

பாதிதான் காதில் விழுந்தது. சக்கர நாற்காலி தள்ள வந்த வார்டு ஊழியரிடம், "சட்டை பட்டன் சரியா இருக்கா?" என்றார். விரலாலேயே தலையைக் கோதிக்கொண்டார். "ஏம்ப்பா, வெளியே என் மனைவி இருக்காங்களா? போயிட்டாங்களா?"

ஊழியர் நாற்காலியை நிறுத்தினார்.

"இருக்காங்க சார். இந்த வாரத்துல நீங்க அவங்களுக்கு மூணாவது புருஷன். அவங்க வெளியூர் போயிருந்தப்போ, துணைக்கு ஆளில்லைன்னு அவங்க சொந்தப் புருஷனை நாங்கதான் திருப்பி அனுப்பினோம். மறுபடி வர்றதுக்கு அவர் உயிரோட இல்ல."