மதகு டிரைவரைப் படித்த தேவாங்கு

ஒரு காட்டில், மொபைல் டவர் முளைத்த கையோடு, அணைக்கும் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. மதகை ஏற்றுவதும் இறக்குவதும் இனி அதுதான். அதன் அடிவயிற்றில் கெர்னல் என்று ஓர் இடம். அங்கே உட்கார்ந்து மதகை ஆட்டிவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பேர். காக்கிச் சட்டை போட்டவரை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எழுதியவன் கீரி குணாளன். நாலாயிரம் வரி, பத்தே நாள். பதின்மூன்று பேர் அதைப் படித்துக் கீழே ‘பார்த்தேன்’ என்று போட்டால்தான் அணையில் ஏற்றலாம் என்பது காட்டுச் சட்டம். பன்னிரண்டு பேர் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார்கள். மயில் போட்டதைப் பார்த்து மான் போட்டது, மான் போட்டதைப் பார்த்து மலைப்பாம்பு போட்டது. படித்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

பாக்கி தேவாங்கு தெய்வநாயகி. வெள்ளிக்கிழமை பக்கத்துக் காட்டில் அவள் தங்கச்சிக்குக் கல்யாணம். இந்த ஒரு கையெழுத்தைப் போட்டால் லீவு. போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பாவி, படித்தாள்.

இரண்டாயிரத்துச் சொச்சமாவது வரியில் ஒரு பிழை மாட்டியது. குணாளனைக் கூப்பிட்டாள். இரண்டு வேலைகள் ஒரே சாமானை ஒரே நேரத்தில் தொட்டுக் குழப்பாமல் இருக்க, டிரைவரில் இரண்டு பூட்டு. மதகுக்கு ஒன்று, நீர்மட்டக் கருவிக்கு ஒன்று.

“தம்பி, மதகைத் திறக்கிற வேலை மதகைப் பூட்டிக்கிட்டு அப்புறம் கருவியைக் கேக்குது. மட்டம் பாக்கிற வேலை கருவியைப் பூட்டிக்கிட்டு அப்புறம் மதகைக் கேக்குது. ரெண்டும் ஒண்ணா வந்தா?”

“வந்தா என்னக்கா?”

“ஒருத்தன் குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு பக்கெட்டைக் குடுங்கிறான். வெளிய இருக்கிறவன் பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு, கதவைத் திறங்கிறான். ரெண்டு பேரும் அப்படியே நிக்க வேண்டியதுதான். மழையில மதகு திறக்கலைன்னா கீழ முயல் குடும்பமெல்லாம் வளையோட மூழ்கிடும்டா!”

“அட போங்கக்கா, என் மெஷின்ல ஓடுது!”

பஞ்சாயத்து கரடி மேலாளரிடம் போனது. “நிரூபிச்சுக் காட்டு” என்றார். ஓட்டினார்கள். நாற்பதாவது தடவை மதகு பாதியில் நின்றது. எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்ட, தெய்வநாயகி ஒரு வரி சேர்த்தாள். டிரைவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் எழுதிக் காட்டும் வரி. மறுபடி ஓட்டினார்கள். நிற்கவில்லை. நூறு தடவை, ஐந்நூறு, ஆயிரம். ஊஹூம்.

“சரியாப் போச்சே!” என்றார் கரடி.

“போகலை சார்! எழுத நேரம் பிடிக்குது, அதனால ரெண்டும் முட்டிக்காம தள்ளித் தள்ளி வருது. ரெண்டே ரெண்டு வரியை இடம் மாத்தினா ரெண்டு வேலையும் ஒரே வரிசையில பூட்டும். அதுதான் சார் வைத்தியம்.”

“மாத்தினா திரும்பப் பதின்மூணு பேர் பாக்கணும். மழை வருது. உன் வரியே இருக்கட்டும். அது சோதனை வரி, சட்டத்துல வராது.”

“எழுதி எழுதி டிஸ்க் நிறைஞ்சா மொத்தமும் படுத்துரும் சார். மணிக்கொரு தடவை யாராவது உக்காந்து அழிக்கணும்!”

கரடி அவளை அன்போடு பார்த்தார். “உன் வரிதானேம்மா?”

பதின்மூன்றாவது ‘பார்த்தேன்’ விழுந்தது, டிரைவர் அணையில் ஏறியது. வெள்ளிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. மதகு ஜோராகத் திறந்தது. முயல்கள் பிழைத்தன. கீரிக்கு மாலை போட்டார்கள். தெய்வநாயகி அணைமேல் குந்தியபடி, ஒரு கையால் அழித்துக்கொண்டே, மறுகையில் போனை வைத்துக்கொண்டு தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தாள். மூன்றாவது முடிச்சுக்குள் நெட் போய்விட்டது. வாய்விட்டு அழுதாள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் கீரி ஏழாயிரம் வரி கொண்டுவந்தான், கால்வாய்க்கு. “அக்கா, ஒரு பார்வை...” என்று இழுத்தான். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள், பன்னிரண்டு பேருக்கும் முந்திக்கொண்டு தெய்வநாயகி ‘பார்த்தேன்’ போட்டுவிட்டாள்.

நீதி: எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிழை யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் கண்டுபிடித்த பிழை உங்களுக்கே சொந்தம். ஆகவே வீட்டில் விசேஷம் வைத்துக்கொண்டு எதையும் படிக்காதீர்கள்.