நாய் மீசையும் ஜெர்மன் லென்ஸும்

“மூச்சு விடாதே!” என்றார் சிவஞானம்.

“விடாம எப்படிப்பா இருக்கிறது?” என்றாள் நாற்காலியில் இருந்த மங்கையர்க்கரசி. “அதில்லப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“பேசாதே. உதடு அசையும்.”

போர்ட் பிளேரில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சிவஞானம் ஹெட் கிளார்க். அவருடைய ஒரே மகள் மங்கை, புரோத்ராபூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருச்சியில் ஓவர்சீயராக இருக்கும் ஒரு பையனோடு அவளுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது. குலம் பொருந்திவிட்டது. சம்பளமும் பொருந்திவிட்டது. பெண்ணின் போட்டோ ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமைக் கப்பலில் அது புறப்படாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகத் தந்தி வந்திருந்தது.

சங்கடம் வெளிச்சத்தில் இருந்தது. தீவில் சூரியனுக்கு மெயின்லேண்டுக் கடிகாரம் தெரியாது. ஐந்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். ஆபீஸும் ஐந்து மணிக்குத்தான் விடும். போதாக்குறைக்கு ஜூன் மாத மழை. பிளாஷ் பல்பு போன கப்பலில் வரவில்லை. ஜெகநாதன் ஸ்டுடியோவில் இருந்த ஒரே பெரிய விளக்கும் உயிரை விட்டிருந்தது. ஒரு நாள் லீவு போட்டால் தீர்ந்தது. ஆனால் தாம் ஒரு நாள் ஆபீஸுக்குப் போகாவிட்டால் அந்தமான் முழுவதும் கடலுக்குள் இறங்கிவிடும் என்பது சிவஞானத்தின் திடமான நம்பிக்கை.

“இருட்டுல எடுக்கிறதுக்குன்னே பொறந்தது இது. ஜெர்மன் லென்ஸ்!” என்றார். கப்பல் அதிகாரி ஒருவரிடம் அந்தக் கேமராவை வாங்கிய நாளிலிருந்து ‘லென்ஸ்’ என்ற சொல்லை அவர் சாமி பெயரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நசீருதீன் சிரித்தார். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருடைய மச்சான் பினாங்கிலிருந்து ஒரு ஜப்பான் கேமரா கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து இரண்டு பேரும் குடியிருந்த லம்பா லைன் பகுதியில் அமைதி குறைந்துவிட்டது.

“அண்ணே, உங்க ஜெர்மன்காரனுக்கு மாலைக்கண். நம்ம ஜப்பான் எப்படித் தெரியுமா? அந்தேராவுல, கும்மிருட்டுலகூட பூனை மாதிரி பார்க்கும்.”

“துணி கிழிக்கிற கைக்குக் கேமரா எதுக்கு பாய்? சரி, கொண்டாரும். ரெண்டுலயும் எடுப்போம். எது ஷார்ப்போ அது திருச்சிக்குப் போகட்டும்.”

இரண்டு கேமராவும் முக்காலிகளில் தோளோடு தோள் நின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கிளிக் என்றன.

மறுநாள் மாலை ஜெகநாதன் கழுவிக் கொடுத்த படங்கள் வந்தன. இரண்டிலும் நாற்காலியின் பிரம்புப் பின்னல் தெளிவாக இருந்தது. நாற்காலிக்கு அடியில் தூங்கிய நாய் தெளிவாக இருந்தது. மங்கையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மேகம்.

“நாய் மீசையைப் பாரும் பாய்! முடி முடியா எண்ணலாம். அதான் ஜெர்மன்!”

“என் படத்துல நாயோட கண்ணிமையே தெரியுதே அண்ணே!”

“நாயையா கட்டிக் கொடுக்கப் போறோம்?” என்று கேட்டுவிட்டு சிவஞானத்தின் மனைவி இந்திராணி அடுப்படிக்குப் போனாள்.

மனைவி பேச்சில் சிவஞானம் சோர்ந்துபோகிறவர் இல்லை. குற்றம் வீட்டின்மேல் என்று தீர்ப்புச் சொன்னார். கட்டைகளின்மேல் நிற்கும் மரவீடு. ஒருவர் நடந்தால் சமையலறைப் பாத்திரம் வரை தாளம் போடும். ஆகவே இந்திராணியும் நாயும் மழையில் வெளியேற்றப்பட்டார்கள். உலை இறக்கப்பட்டது. மங்கையின் தலைக்குப் பின்னால் ஒரு படாக் மரப் பலகை நிறுத்தப்பட்டு, அவளுடைய பின்னல் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டது.

“அப்பா, அந்த மாப்பிள்ளை விஷயமா...”

“மாப்பிள்ளைக்காகத்தானே இவ்வளவு பாடு! வாயை மூடு.”

வெளிச்சம் போதாது என்பதால் லென்ஸை அதிக நேரம் திறந்து வைப்பது என்று இரண்டு நிபுணர்களும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். சிவஞானம் மந்திரம் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்து எண்ணினார்.

அன்று இரவு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை. மறுநாள் படம் கிடைத்தது. மேகம் புயலாகியிருந்தது. முகம் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு இழுபட்டிருந்தது. ஜெர்மனியிலும் அப்படி, ஜப்பானிலும் அப்படி. பலகையின் மரரேகை மட்டும் பிசிறில்லாமல் விழுந்திருந்தது.

“உங்க படத்துல மூக்கு ரெண்டு, அண்ணே.”

“உம்ம படத்துல மூக்கே இல்லையே, பாய்!”

கோயிலிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வந்தன. விளக்குகளுக்குப் பின்னாலேயே தீவிலிருந்த ஈசல்களும் வந்தன. சிவஞானம் விடவில்லை. வலது கையில் முறம் வீசி ஈசலை விரட்டினார். இடது கையால் குடை பிடித்து ஜெர்மனியைக் காத்தார். அளவு பார்ப்பதற்காக முதலில் தாமே நாற்காலியில் உட்கார்ந்து, நசீருதீனை இரண்டு கேமராவிலும் எடுக்கச் சொன்னார். பிறகு மங்கை உட்கார்ந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு வார்த்தை...”

“கப்பல் போனப்புறம் ஒம்பது வார்த்தை பேசு. இப்ப மூச்சைப் பிடி!”

வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் படங்கள் வந்தன. சிவஞானத்தின் முகத்தில் மூக்கோரத்து மரு வரை துல்லியமாக இருந்தது. அதே நாற்காலி, அதே விளக்கு, அதே லென்ஸ். மங்கை மட்டும் கலங்கிய குட்டை.

“எப்படி அண்ணே இது?” நசீருதீனுக்கே குழப்பமாகிவிட்டது.

சிவஞானம் ஆழ்ந்து யோசித்தார். “கம்பீரமான முகம் லென்ஸுக்கு அடங்கும் பாய். இவளுக்கு அவ அம்மா சாடை. அதான் நிக்கமாட்டேங்குது.”

அடுப்படியில் ஒரு கரண்டி பலமாக விழுந்தது.

விடிந்தால் கப்பல். எல்லாப் படங்களையும் மேஜையில் பரப்பி, இருப்பதில் எது தேவலை என்ற விசாரணை தொடங்கியது.

“என் மங்கல் உங்க மங்கலைவிட ஷார்ப் அண்ணே. இதையே அனுப்பிருங்க.”

“ஜப்பான் மங்கல் சாயம் போன மங்கல். இது கெட்டி மங்கல்! இதைப் பார்த்தாலே மாப்பிள்ளை வீட்டார் லென்ஸோட தரத்தைப் புரிஞ்சுக்குவாங்க.”

“அவங்க லென்ஸையா கேட்டாங்க? பொண்ணைத்தானே கேட்டாங்க!”

இரவல் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க நசீருதீனின் மனைவி ஜன்னத் பீவி வந்தாள். சண்டையைக் கேட்டுக்கொண்டே படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். முதல் நாள் படம், பலகைப் படம், பெட்ரோமாக்ஸ் படம். பிறகு அடுப்படி வாசலில் நின்ற மங்கையை நிமிர்ந்து பார்த்தாள். மங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“நீயே சொல்லும்மா,” என்றார் சிவஞானம் கம்பீரமாக. “எந்தக் கேமரா தெளிவு?”

“ரெண்டுமே பக்கா தெளிவுதாண்ணே,” என்றாள் ஜன்னத் பீவி. “எல்லாப் படத்துலயும் ‘வேணாம், வேணாம்’னு புள்ள தலையாட்டுறது எவ்வளவு அழகா விழுந்திருக்கு!”