நான் துடைத்த மைப்புள்ளி

என் கை சும்மா இருக்காது. கறுப்பாக ஒரு புள்ளி கண்ணில் பட்டால் உடனே துடைத்துவிடும். (எதிரில் நிற்பவர் கன்னத்தில் இருந்தாலும் சரி. அது மச்சம் என்று பிறகுதான் தெரியும்.) அறுபதுகளில் நெய்வேலியில் வளர்ந்த எல்லோருக்கும் கொஞ்சம் உள்ள வியாதிதான். காற்றடித்தால் சுரங்கத்துக் கரித்தூள் வந்து உட்காரும். தட்டைத் துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவோம். ஆனால் இந்த வியாதியால் வேலையையே தொலைக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பி.யு.சி. முடித்த கையோடு, முந்திரி இலையை ஆராய வந்திருந்த ஒரு சாரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். ஆறு மாதத் தற்காலிக வேலை. "இது நல்லபடியா முடிஞ்சா உன்னைப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதறேம்மா" என்றார். எங்கள் நகரியத்தில் பெர்மனன்ட் என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை சாமி பெயருக்குக்கூடக் கிடையாது. அம்மா அன்றே தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள்.

சாரின் வேலை இதுதான். எங்களிடம் இருந்த சாதாரண மைக்ராஸ்கோப்பில் இலையின் செல்கள் ஊர்போல வரிசையாகத் தெரியும். வீட்டுக்குள் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். பட்டணத்தில் இருந்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அடுக்களைப் பாத்திரம்வரை தெரியும். அது எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. ஒரே செல்லை இரண்டிலும் பார்த்தால்தான் முழுக்கதையும் கிடைக்கும். இரண்டு மாதம் தேடி, உள்ளிருக்கும் பச்சை மணிகளெல்லாம் ஒரே மூலையில் முண்டியடித்துக்கொண்டு நின்ற ஒரு செல்லைச் சார் கண்டுபிடித்தார். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போன பிறகு, பிசினில் உறையவைத்த அந்த இலைத் துணுக்கின்மேல், செல்லுக்குப் பக்கத்தில், ஊசி முனையால் ஒரு மைப்புள்ளி வைத்தார். மறுநாள் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மெஷினில் எங்கள் முறை வரவே மூன்று மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் நான்தான் முதலில் வந்தேன். துணுக்கின்மேல் கறுப்பாக ஒரு தூசி. தாவணி நுனியால் ஒரே துடை. பளிச்!

சார் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"புள்ளி எங்கம்மா?"

"தூசிங்க சார். தொடச்சிட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

சார் திட்டவில்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். (அதற்கு முன் அதைத் துடைத்தார். அவருக்கும் தொற்றியிருந்தது.) "ஆயிரக்கணக்கான செல் இருக்கும்மா. பத்தரைக்குப் பஸ்ஸு" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெர்மனன்ட் போயிற்று. அம்மா கொடுத்த சர்க்கரையைத் திருப்பி வாங்கவா முடியும்?

அப்போதுதான் என் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. காட்ட வெட்கமாக இருந்தது. போட்டோ எடுக்க ஃபிலிம் இல்லாததால், மைக்ராஸ்கோப்பில் தெரிவதை வரையச் சொல்லியிருந்தார் சார். வரைந்தவள் சும்மா இருந்தேனா? இலை நரம்பை மெயின் ரோடாக்கி, எங்கள் நகரியம் மாதிரியே செல்களுக்கெல்லாம் பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் போட்டிருந்தேன்.

"சார், அது நாலாம் பிளாக்கு, பதினேழாம் நம்பர் குவார்ட்டர்ஸுங்க."

"என்னது?"

"மெயின் ரோட்டுலயே போங்க. ரெண்டாவது பிரிவுல திரும்புங்க."

சார் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நான் நோட்டைப் பார்த்து வழி சொன்னேன். இரண்டு முறை வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டுத் திரும்பினோம்.

"கூட்டமா நிக்கிறாங்களா சார்?"

"நிக்கிறாங்க! எல்லாரும் ஒரே மூலையில!" என்று கத்தினார். புதிதாகப் புள்ளி வைத்துவிட்டு, அவர் பஸ் ஏறும்வரை என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டணத்திலிருந்து படம் வந்தது. நான் வரைந்த அதே மூலை, அதே கூட்டம். ஒவ்வொரு மணிக்குள்ளும் தோசையை அடுக்கினாற்போல மெல்லிய அடுக்குகள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் சொன்னபடியே எழுதினார். நான் பெர்மனன்ட் ஆனேன்.

அம்மா மட்டும் கடைசிவரை விடவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாலும் ஓடிவந்து சொல்லுவாள்:

"இவ கையில குடுத்துடாதீங்கடி. பொட்ட தொடச்சிட்டு, கொழந்த எந்த பிளாக்குன்னு தேடிக்கினு இருப்பா!"